முப்பத்து நான்கு பூக்கள்

தீபாவளி முடிந்ததும் எங்கள் பட்டாசு கம்பெனியை அடைத்துவிடுவார்கள். சென்ற ஆண்டு முப்பத்து நான்கு நாட்கள். அத்தனை நாளும் காலை ஆறு மணிக்கு முன்பே மதினியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பூப்படம் வந்துவிடும். ரோஜா, தாமரை, பனித்துளியுடன் செம்பருத்தி. நானும் ஒரு பூவை அனுப்பிவிட்டு, டைரியில் 'மதினி நலம்' என்று எழுதுவேன்.

மதினி எனக்கு உறவில்லை. நாரணாபுரத்துக்கு வெளியே உள்ள அந்தக் கம்பெனியில் பதினோரு வருடமாக என் எதிரே உட்கார்ந்து மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவர். செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அதனால் பகல் முழுக்கப் பேச்சுதான். அவர் வீட்டுக் குழம்பில் புளி கூடிப்போனது வரை எனக்குத் தெரியும்.

கம்பெனி திறந்த அன்று, அடிவயிற்றில் ஒரு கையை வைத்தபடி மெல்ல நடந்து வந்தார். தரையில் உட்காரவில்லை. ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"என்ன மதினி, இம்புட்டு மெலிஞ்சுட்டீக?"

"கர்ப்பப்பைய எடுத்தாச்சு. மதுரையில ஒம்பது நாள் படுத்துக் கெடந்தேன்."

கையிலிருந்த லேபிளில் பசை காய்ந்துவிட்டது.

"ஒரு வார்த்த சொல்லலையே? தெனமும் பூ அனுப்புனீகளே!"

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்தும் அனுப்புனேன். ஒரு நாளாவது போன் போட்டு எப்படி இருக்கீகன்னு கேப்பன்னு பாத்தேன். பூவுக்குப் பூவுதான் வந்துச்சு."

"ரெண்டு பேரும் சேந்து பூக்கடை வச்சிருக்கலாம்" என்றாள் பக்கத்திலிருந்தவள். மதினி சிரிக்கவில்லை. மதியம் எப்போதும் என் தூக்குவாளிக்குள் கை விட்டு எடுத்துச் சாப்பிடுபவர், அன்று சுவர்ப்பக்கம் திரும்பிச் சாப்பிட்டார். மறுநாளும் அப்படித்தான். சனிக்கிழமை வரை ஆறு நாள் நாங்கள் பேசாமல் லேபிள் ஒட்டினோம். மன்னிப்புக் கேட்டு ஒரு மாலை போனில் நான்கு வரி எழுதினேன். அதை அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நிறைந்த குடத்தைத் தூக்கக் குனிந்தவர், என்னைக் கண்டு நிமிர்ந்தார்.

"என்னத்தா, சொல்லாமக் கொள்ளாம?"

"சொன்னா வர வேணாம்பீக."

"ஆமா, சொல்லத்தான் செய்வேன்."

குடத்தை வாங்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தேன். இன்னும் ஐந்து குடம் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் நான் கொண்டுவந்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்காம இருந்தது தப்புதான் மதினி."

"தப்புதான்" என்றார். பிறகு கட்டிலில் சற்று நகர்ந்து இடம் விட்டார். "நனைஞ்ச சேலையோட நிக்காத. இங்கன உக்காரு. கம்பெனி பூட்டுன மூணாம் நாளு விடியல்ல வயித்த வலிச்சுச்சு. வாயுன்னுதான் நெனச்சேன்…"

உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்த நாளை அவர் சொல்லி முடிப்பதற்குள், நான் பிடிக்க நினைத்த ஐந்தேமுக்கால் பஸ் போய்விட்டது.