கம்பளத்தைச் சுற்றிப் போன வழி

எங்கள் வீட்டுக் கூடத்தில் மொசைக் தரை. வீடு கட்டியபோது அதைத் தேய்த்து மெருகேற்றிய நாட்களில் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு நானே பக்கத்தில் நின்றேன். தூத்துக்குடியில் வருஷத்தின் பெரும்பகுதி, வீட்டுக்குள் அந்தத் தரைதான் சுகமான இடம். மத்தியானம் ஒரு தலையணையோடு அதில் படுத்தால் முதுகு குளிர்ந்துவிடும். இந்த ஊரில் தரையைச் சூடாக்க வேண்டும் என்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

போன வருஷம் மழை தொடங்கிய சமயத்தில் எனக்கு அந்த வேலை வந்தது. என் மனைவிக்குக் குடலில் கட்டி எடுத்த பிறகு மருந்து ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். குளிர்ந்த பொருளைத் தொட்டால் ஊசி குத்துவதுபோல் இருக்கும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து எடுப்பதெல்லாம் நான் என்று ஆக்கிக்கொண்டேன். குடிக்க வெந்நீர் வைத்தேன். தரையை மறந்துவிட்டேன். ஒரு காலையில் அவள் கட்டிலிலிருந்து இறங்கிப் பாதத்தை வைத்தவள், சட்டென்று மேலே எடுத்துக்கொண்டாள்.

"தரையெல்லாம் முள்ளாக் கெடக்கு" என்றாள்.

காலுறை போட்டுப் பார்த்தாள், மொசைக்கில் வழுக்கியது. செருப்பு போட்டால், கால் மரத்திருந்ததால் அது பாதி கழன்றதுகூடத் தெரியாமல் இடறினாள். பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொன்னபோது அவள் கைபேசியில் சில படங்களை அனுப்பினாள். ஒரு விரிப்பின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. அடியில் முரடாக ஒன்றும் மேலே மென்மையாக ஒன்றும் போட்டால் கதகதப்பும் கிடைக்கும், கூடமும் பார்க்க நன்றாக இருக்கும் என்றாள். எல்லாப் படங்களிலும் மேல் விரிப்பு கோணலாகக் கிடந்தது. அதைச் சொன்னேன். கொஞ்சம் கோணலாக இருந்தால்தான் அழகு என்று சிரித்தாள்.

நான் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்தவன். மூட்டைகளை அடுக்கும் முன் கப்பலின் அடித்தளத்தில் பலகை பரப்பி, அதன்மேல் பாய் விரிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இரும்பில் வியர்க்கும் ஈரம் சரக்கில் ஏறக் கூடாது. அதனால் அடுக்கிப் போடுவது எனக்குப் புரிந்த காரியம்தான். அடியில் தென்னைநார் விரிப்பு. அதன்மேல் கெட்டி ஜமுக்காளம். எல்லாவற்றுக்கும் மேல், மைத்துனர் குவைத்திலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கம்பளம்.

அந்தக் கம்பளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாசரேத் பக்கத்து சபைக் குடும்பங்களில், குருவானவருக்கென்று நல்ல விரிப்பு ஒன்று இருக்கும். குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். அவர் ஜெபிக்க வரும் நாளில் அதை எடுத்து விரித்து, அவர் போனதும் சுருட்டி வைப்போம். எங்கள் கம்பளம் பழைய போர்வைக்குள், அந்துருண்டையோடு பீரோ மேல் இருந்தது. மகள் சின்னவளாக இருந்தபோது அதில் கால் வைத்துவிட்டு என் மனைவியிடம் அடி வாங்கியிருக்கிறாள்.

மூன்றையும் கூடத்தின் நடுவே விரித்தேன். கம்பளத்தைச் சுற்றி ஜமுக்காளம் நாலு பக்கமும் ஒரே அளவில் தெரிய வேண்டும் என்று டேப் வைத்து அளந்தேன். கம்பளத்தின் குஞ்சங்களை விரலால் கோதி நேராக்கினேன். அவளைக் கூட்டிவந்து நிறுத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கால்விரல்களைக் கம்பளத்துக்குள் புதைத்தாள். "யம்மாடி" என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் முகம் தளர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு சமையலறைப் பக்கம் போனாள். போகும்போது கம்பளத்தின் ஒரு மூலை மடிந்தது. நான் குனிந்து அதை நேராக்கினேன்.

அவ்வளவுதான். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் அதைத்தான் செய்தேன். அவள் நடந்ததும் எழுந்து போய், மூலையை இழுத்துவிட்டு, குஞ்சத்தைக் கோதிவிட்டு வந்து உட்காருவேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை. முகம் சுளித்ததாகவும் நினைவில்லை. கம்பளம் நகராமலிருக்க அடியில் ரப்பர் வலையும் வாங்கிப் போட்டேன். கொஞ்ச நாளில் அது கலைவது குறைந்தது. பிறகு அநேகமாக நின்றே போனது. ரப்பர் வலை நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று மகளிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், அவளுக்காக வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தோம். ஐயர் வந்தார். சபைப் பெண்கள் வந்தார்கள். அவர்களில், சாத்தான்குளத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அக்காவும் ஒருவர். என் மனைவிக்குப் பாட்டுக் குழுவில் மூத்தவர். எல்லோரும் கம்பளத்தில் உட்கார்ந்து, கையால் தடவிப் பார்த்து, இதென்ன மெத்தை மாதிரி இருக்கிறது என்றார்கள். நான் விளக்கினேன். அடியில் நார் ஏன், நடுவில் ஜமுக்காளம் ஏன், கப்பலில் பாய் விரிப்பது எப்படி என்று வரிசையாகச் சொன்னேன். குளிர்ந்த தரை இவள் காலுக்கு ஆகாது, அதனால்தான் இத்தனையும் என்று முடித்தேன்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சமையலறை வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். நாற்காலிக்கு அடியில் வெறும் மொசைக். பாதங்கள் இரண்டையும் தரையில் படாமல் தூக்கி, முன்னால் கிடந்த முக்காலியின் விளிம்பில் ஒட்டி வைத்திருந்தாள்.

"ஏளா, நீ ஏன் அங்கன இருக்க? வந்து இதுல உக்காரு" என்றார் டீச்சரக்கா.

"வேண்டாம்க்கா. அவிய விரிச்சது கலைஞ்சிரும்."

"கலைஞ்சா என்ன?"

"பொறவு அவிய குனிஞ்சு நேராக்கணும். ஏற்கெனவே இடுப்பு வலி. நான் செவரோரமாத்தான் போய்க்கிடுதேன்."

குறையாகச் சொல்லவில்லை. எனக்காகப் பரிந்துதான் சொன்னாள். டீச்சரக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்தக் கம்பளம் யாருக்கு விரிச்சிருக்கிய?"

ஐயர் வேதாகமத்தைப் புரட்டினார். யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்கினாள். என் காது சூடேறியது. ஜெபத்துக்கு எல்லோரும் முழங்கால் போட்டபோது நானும் போட்டேன். கம்பளம் கதகதப்பாக இருந்தது. ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

வந்தவர்கள் போன பிறகு, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஏசியிருந்தியன்னா பதில் சொல்லிருப்பேன். நீங்க பேசாமக் குனிஞ்சிய. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

மறுநாள் காலையில்தான் அவள் நடக்கும் வழியைப் பார்த்தேன். படுக்கையறைக் கதவிலிருந்து, காலண்டர் மாட்டிய சுவரை ஒட்டி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, முன்பாதத்தை வைத்து வைத்து எடுத்தபடி சமையலறைக்கு. ஒவ்வொரு அடிக்கும் உதட்டைக் கடித்தாள். நடுக்கூடத்தில் கம்பளம், டேப் வைத்த அளவு மாறாமல் கிடந்தது. வாரக்கணக்காக நான் அந்த ஒழுங்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அன்றே ஜமுக்காளத்தைக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டி, இரண்டு துண்டையும் முனையோடு முனை தைத்து, படுக்கையறைக் கதவிலிருந்து கூடத்தின் குறுக்கே சமையலறை வரை போட்டேன். நார் விரிப்பையும் அப்படியே நறுக்கி அடியில் வைத்தேன். மேலே கம்பளம், மகள் அனுப்பிய படம்போல் கோணலாக. அவள் நடந்தாள். மூலை மடிந்தது. நான் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவள் சமையலறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"எந்திக்கலையா?"

இல்லை என்று தலையாட்டினேன். சிரித்துவிட்டுப் போனாள்.

மருந்து ஏற்றி முடிந்துவிட்டது. கால்விரல்களில் இன்னும் மரமரப்பு இருக்கிறது. அது மருந்தால் வந்தது, தரையால் அல்ல என்று டாக்டர் சொன்னார். நான் இரண்டாவது தடவையும் கேட்டேன். அதையேதான் சொன்னார். சபை வாசலில் டீச்சரக்கா என்னைக் கண்டால், "தம்பி, மிதிக்கலாமா?" என்று தரையைக் காட்டிக் கேட்கிறார். கூட நிற்பவர்களோடு நானும் சிரிக்கிறேன்.

போன வாரம் அவள் குளிக்கப் போயிருந்தபோது, என்னை அறியாமல் கம்பளத்தின் மூலையை இழுத்து நேராக்கிவிட்டேன். குஞ்சத்தையும் கோதியிருக்கிறேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள், கம்பளத்தைப் பார்த்தாள். கை தானாகச் சுவரைத் தேடியது. சுவரோரமாக வெறும் தரையில் நடக்கத் தொடங்கினாள்.

நான் எழுந்து, காலால் அந்த மூலையைத் தள்ளி மடக்கிவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.