நாலு வண்டி வண்டல்

எழுபதுகளில் ஒரு மாசி மாதம். வடுகபட்டிப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர் வாரினார்கள். கடலோரத்து ஆலாக்களின் இனமான ஆற்று ஆலாப் பறவைகள் வருடந்தோறும் அங்கே வரும்; கரையில் இடும் முட்டைகளை நாய்கள் தின்றுவிடும். அதனால் கண்மாய் நடுவே, தேங்கிய தண்ணீருக்குள் கொஞ்சம் வண்டலைத் திட்டாகக் கொட்டச் சொன்னவன், கண்மாயின் தண்ணீர்க் கணக்கை நோட்டில் எழுதிவந்த நான்தான்.

இடுப்புயரம் வந்ததும், "போதும்" என்றேன்.

மண் சுமந்த பேச்சியம்மாள் விடவில்லை. "பத்தாதுண்ணே. ஒரு மழைக்கே வண்டல் அமுங்கிரும். இன்னும் நாலு வண்டி அங்கன கொட்டச் சொல்லுங்க."

"பதினாறு வருச நோட்டு இருக்கு ஆத்தா. ஆனிக்கு முன்னால தண்ணி வந்ததில்ல."

"நோட்டு உங்களுது. மேகம் யாருது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீதி வண்டல் வயல்களுக்குப் போனது.

பங்குனியில் திட்டின் மேல் ஒன்பது குழிகளில் முட்டைகள். சித்திரையில் மேற்கு மலை கறுத்தது. எங்கள் ஊரில் ஒரு சொட்டு இல்லை. மலையிலிருந்து கண்மாய்க்கு வரும் ஓடை மட்டும் செந்நீராய் இரைந்து வந்தது. தண்ணீர் ஏற ஏறத் திட்டின் ஓரங்கள் சரிந்தன. ஆலாக்கள் கத்திக்கொண்டே சுற்றின. திட்டு மறைந்த பிறகும் அதே இடத்தின் மேல் சுற்றின.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். பதினாறு வருடமும் நான் குறித்திருந்தது அணையிலிருந்து கண்மாய்க்கு வாய்க்கால் திறந்த தேதிகளை மட்டுமே. ஓடை வந்த நாள் ஒன்றுகூட இல்லை. பேச்சியம்மாளின் குடிசை ஓடைக்கரையில் இருந்தது.

அதற்குப் பிறகு எதையும் 'வந்ததில்லை' என்று நான் சொல்வதில்லை. 'நான் எழுதவில்லை' என்றுதான் சொல்கிறேன்.