முத்துசாமி கை காட்டிய இடம்

தனக்கொடி வேலை செய்யும் கம்பெனியில் பாட்டில் மூடி செய்கிறார்கள். இயந்திரம் மூடிகளைத் துப்பிக்கொண்டே இருக்கும். ஓரத்துப் பிசிறை வெட்டி, உடைசலை ஒதுக்கி, நல்லதைப் பையில் கொட்டிக் கட்டுவது அவள் வேலை. ஷிப்ட் முழுக்க நின்றபடிதான். சாயங்காலம் கம்பெனி வேன் மதகடிப்பட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துச் செல்லிப்பட்டு வந்து சேரும்போது காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. காதுக்குள் மட்டும் அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். யாராவது பேசினால் இரண்டாம் தரம் சொன்னால்தான் விளங்கும்.

கல்யாணமான புதிதில் நாற்று நடவும் கரும்பு வெட்டவும் போனவள் அவள். மகள் சுகன்யாவைப் பாகூரில் கட்டிக்கொடுத்த கையோடு, "போதும், நீ வூட்ல இரு" என்று புருஷன் முத்துசாமி நிறுத்திவிட்டார். அவர் டிராக்டர் ஓட்டினார். வாய் ஓயாத மனுஷன். கரும்பு லோடு ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பும்போதே அவர் குரல் வீட்டுக்குக் கேட்கும்.

போன வருஷம் ஒருநாள் வண்டியிலிருந்து இறங்கியவர், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் "அதான்", வேண்டாமென்றாலும் "அதான்", கோபம் வந்தாலும் "அதான், அதான்". தனக்கொடி கம்பெனிக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

ஆரம்பத்தில் அவர் சொல்ல வருவதைக் கண்டுபிடிக்க அவள் பாடாய்ப் பட்டாள். ஒவ்வொன்றாகக் கேட்பாள். நாளாக நாளாகக் கேட்பது குறைந்தது. பசி, ஒண்ணுக்கு, கொசு, ஃபேன். இந்த நான்குக்குள் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு பகல் முழுக்க அவருக்கு ஒரு பூனைதான் துணை. மத்தியானம் பக்கத்து வீட்டு உஷாராணி வந்து சோறு ஊட்டிவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் அந்தச் சாம்பல் வரிப் பூனை. யாரும் வளர்த்தது இல்லை, அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. நன்றாக இருந்த காலத்தில் முத்துசாமி அதைச் செருப்பால் விரட்டுவார். இப்போது கட்டிலில் படுத்தபடி அது போகிற இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சூடான இடத்தில் அது தூங்கும். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு கை நுழையாத சந்தில் உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு போய் மறுபக்கம் வரும். சாமி படங்களுக்குப் பின்னால் ஒரு பல்லியைக் காவல் காக்கும். கியாஸ் சிலிண்டர் மூலையில் எலி வளை இருப்பது அதற்குத் தெரியும், அதைப் பார்த்து அவருக்கும் தெரியும். தான் கட்டிய வீட்டில் இத்தனை இண்டு இடுக்கு இருப்பது படுத்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

ஆடி மாதம் உஷாராணி வீட்டில் கூழ் ஊற்றினார்கள். பெரிய அண்டா வேண்டுமென்று கேட்டாள். அது ஹால் லாப்டில், கதவு போட்டு மூடிய இடத்தில், பழைய பாய், போர்வை மூட்டைகளுக்கு முன்னால் இருந்தது. தனக்கொடி ஸ்டூல் போட்டு ஏறி இறக்கிக் கொடுத்தாள். அண்டா திரும்பி வரும்போது மூடிக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்தே விட்டாள். பூனை அப்போது நிறைமாதமாக இருந்தது. அது பீரோ மேல் ஏறி, அங்கிருந்து லாப்டுக்குத் தாவி, மூட்டைகளுக்குப் பின்னால் போனதை முத்துசாமி மட்டும் பார்த்தார். குட்டி போட்ட பிறகு அது தின்பதற்கு மட்டும் இறங்கி வந்து ஏறிப் போனது.

வியாழக்கிழமை அண்டா வந்தது. வேலை முடிந்து வந்த அலுப்பில், புடவை கூட மாற்றாமல் தனக்கொடி அதைத் தூக்கி வைத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே பார்க்கவில்லை. கட்டிலிலிருந்து முத்துசாமி கத்தினார்.

"அதான்! அதான்!"

"இன்னாயா? வரேன் இரு."

அவர் இடது கையை மேலே தூக்கிக் காட்டினார். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"காத்து பத்தலியா?" என்று கேட்டுவிட்டு அதை வேகமாக வைத்தாள்.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். மறுபடியும் கையைத் தூக்கினார். ஃபேனைக் குறைத்தாள். அதற்கும் கத்தினார். கடைசியில் மறுபடி கூட்டி வைத்துவிட்டு, "எனுக்கு முடிலய்யா, செத்த நேரம் சும்மா இரு" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் சாயங்காலம் உஷாராணி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அக்கா, மத்தியானம் ஒரு வாய் கூட வாங்கல. தட்டத் தள்ளி வுட்டுட்டாரு. மேலயே காட்டினு அழுவுறாரு."

"அழுவுறாரா?"

"கண்ணுல தண்ணி ஊத்துதுக்கா. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி."

மேலே காட்டுகிறார் என்றதும் தனக்கொடிக்கு வேறு நினைப்பு வந்துவிட்டது. போய்ச் சேர வேண்டும் என்று சொல்கிறாரோ? அதை உஷாராணியிடம் சொல்லவில்லை. கஞ்சியை ஸ்பூனில் எடுத்து வாயருகே கொண்டுபோனாள். உதட்டை இறுக்கிக்கொண்டார். சனிக்கிழமையும் அப்படியே. சுகன்யாவுக்குப் போன் போட்டாள்.

"எம்மா, திரும்பவும் ஏதனா வந்துருக்கப் போவுது. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ."

"போவணும்."

"போவணும்னா எப்ப?"

"நாளைக்கு லீவுதான். பாப்பம்."

பூனையைக் காணோமே என்று அன்று ஒரு தரம் தோன்றியது. எங்காவது குட்டி போடப் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிறு காலை இட்லியைப் பாலில் கரைத்துக் கொண்டுவந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் இடது கையால் தட்டிவிட்டார். பால் அவள் மடியிலும் மெத்தையிலும் தரையிலும் கொட்டியது. அவள் அடிக்கக் கை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் முகத்தைத் திருப்பவில்லை, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் துடைக்கத் துணி எடுக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில், சிந்திய பாலுக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்துவிட்டாள். அழுகை கூட வரவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

கரண்ட் போனது. ஃபேன் தயங்கித் தயங்கிச் சுற்றி நின்றது.

முதலில் காதுக்குள் ஓடுகிற இயந்திரச் சத்தம்தான் என்று நினைத்தாள். அது இல்லை. மரப்பலகையை எதுவோ பிறாண்டியது. விட்டு விட்டுப் பிறாண்டியது. பிறகு, தொண்டை கட்டிய குழந்தை மாதிரி ஒரு சின்னச் சத்தம். தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவருடைய இடது கை ஃபேனைத் தாண்டி, பீரோவுக்கு மேலே, லாப்ட் கதவைக் காட்டிக்கொண்டிருந்தது. நின்றபடி பார்த்தபோது அது ஃபேனைக் காட்டுகிற மாதிரிதான் இருந்தது. அவர் படுத்திருக்கும் உயரத்திலிருந்து பார்த்தால் நேராகக் கதவு தெரிந்தது.

ஸ்டூலைப் போட்டு ஏறித் தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு திறந்ததும் பூனை அவள் தோளில் விழுந்து, அங்கிருந்து கீழே தாவி, தரையில் சிந்தியிருந்த பாலை நக்க ஆரம்பித்தது. விலா எலும்பு தெரிந்தது. முன்கால் நகத்தில் ரத்தம். அவள் போர்வை மூட்டையை விலக்கி உள்ளே கைவிட்டாள். மூன்று குட்டிகள். இரண்டு சூடாக இருந்தன, வாயைத் திறந்தன. ஒன்று சில்லிட்டிருந்தது.

இரண்டையும் முந்தானையில் போட்டு இறக்கிக் கட்டிலில் அவர் பக்கத்தில் விட்டாள்.

"இத்தயாய்யா சொல்லினு இருந்த?"

"அதான்," என்றார் முத்துசாமி. கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

செத்த குட்டியைக் கொல்லையில் புதைத்துவிட்டு வந்து கை கழுவினாள். மறுபடியும் இட்லி கரைத்தாள். இந்தத் தரம் கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டார். அவளுக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் சுகன்யா போனில் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள்.

"பூனைக்காவவா சோறு துன்னாம கெடந்தாரு?"

"பூனைக்காவன்னு சொல்ல முடியாதுடி," என்றாள் தனக்கொடி. "நான் கேக்கவே இல்ல. அந்தக் கோவம்."

நாலைந்து நாளில் பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு உஷாராணி வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டது. முத்துசாமி ஒருநாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் வரச் சொல்லியிருந்தார்கள். லீவு கிடைக்காமல் ஆரம்பத்திலேயே நின்றுபோனது அது. தனக்கொடி கம்பெனி சூப்பர்வைசரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை லீவைப் புதன்கிழமைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். அவர் முதலில் முடியாது என்றார். அவள் அங்கேயே நின்றாள். பேசவும் தெம்பில்லை, திரும்பிப் போகவும் தெம்பில்லை. கடைசியில் மாற்றிக் கொடுத்தார்.

இப்போது புதன்தோறும் சொந்தக்காரப் பையன் பாக்யராஜ் ஆட்டோவில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போகிறான். அங்கே ஒரு பெண் படங்களைக் காட்டிச் சொல்லச் சொல்கிறாள். பெரிதாக எதுவும் ஆகிவிடவில்லை. "தண்ணி" வந்திருக்கிறது. உஷாராணியைச் சுகன்யா என்று கூப்பிடுகிறார். சில நாள் எல்லாம் மறந்து பழையபடி ஒற்றைச் சொல்லில் நின்றுவிடுவார். தனக்கொடிக்கு இருந்த ஒரு ஓய்வு நாளும் போனதுதான் மிச்சம். வீட்டு வேலையெல்லாம் ராத்திரிக்குத் தள்ளிப் போகிறது.

போன புதன்கிழமை வழியெல்லாம் அவள் தூங்கிவிட்டாள். தலை அவர் தோளில் சரிந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. பாக்யராஜ் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான்.

"அத்த, எடம் வந்துடுச்சி."

அவள் அசையவில்லை. இன்னொரு தரம் கூப்பிட வாயெடுத்தான்.

"அப்றம்," என்றார் முத்துசாமி.

அந்தச் சொல்லை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பாக்யராஜ் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தான். பிறகு வண்டியை ஓரமாக ஒரு நிழலில் கொண்டுபோய் விட்டு, இன்ஜினை அணைத்தான்.