நிர்மல்தாவின் குடை கறுப்பல்ல

நிர்மல்தா போய்விட்டார்.

மகள்தான் ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணினாள். "அம்மா, நிர்மல் சார் ஆர் நேய்." எங்கள் வீட்டில் தமிழ் சாப்பாட்டுக்கும் திட்டுக்கும்தான். அழுகை வந்தால் அவளுக்கு வங்காளம்தான் வரும்.

சார் இனி இல்லை... அதை எனக்குள் தமிழில் சொல்லிப் பார்க்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

பாலிகஞ்சில் எங்கள் பள்ளியின் ஜியாகிரபி சார் அவர். பெயரோடு 'தா' சேர்த்தால் இங்கே அண்ணா என்று அர்த்தம். நான் கணக்கு மிஸ். ஸ்டாஃப் ரூமில் பதினாறு வருஷம் எதிரெதிர் நாற்காலி. வாய் என்னுடையது, காது அவருடையது. யாருக்கு யாரோடு ஆகாது, யார் டை அடிப்பதை நிறுத்திவிட்டார்... எல்லாவற்றையும் அவரிடம்தான் இறக்கிவைப்பேன். அவரிடமிருந்து ஒன்றுகூட வெளியே போனதில்லை. என்னிடமிருந்து போனதுதான் அதிகம்.

ஒருநாள் அவருடைய வகுப்பு வழியாகப் போனேன். உள்ளே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு பெண் வாட்டர் பாட்டிலால் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தெளிக்கிறாள். அந்தப் பக்கத் தரை ஈரம், இந்தப் பக்கம் காய்ந்து கிடக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் ஏன் மழை இல்லை என்பது பாடம்.

"புஜ்லே தோ?" என்றார். புரிஞ்சுதா? மூன்று வாக்கியத்துக்கு ஒருதரம் இதைக் கேட்காவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். வகுப்பே "புஜேச்சி சார்" என்று கத்தியது. புரிஞ்சுதாம். அவர் கடைசி பெஞ்சில் ஒரு முகத்தை மட்டும் பார்த்து, "துமி போஜோனி" என்றார். உனக்குப் புரியலை.

மறுபடி குடை. மறுபடி தண்ணீர். பியூன் மாப்போடு வாசலில் முறைத்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் நான் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் படித்தேன்.

ஆன்லைன் கோர்ஸ். இருபது வருஷம் பாடம் நடத்தியவளுக்குப் பாடம் நடத்துவது எப்படி என்று பாடம். பெயருக்குப் பின்னால் ஒரு கமா போட்டு ஏதாவது எழுதிக்கொள்ளலாம் என்கிற அற்ப ஆசை எனக்கு.

முதல் வாரமே ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார்கள். பாடத்தின் நோக்கத்தில் 'மாணவர் புரிந்துகொள்வார்' என்று எழுதவே கூடாது. புரிவது கண்ணுக்குத் தெரியாது, அளக்க முடியாது. 'பட்டியலிடுவார்', 'வரைந்து காட்டுவார்' என்று எழுதலாம். நான் மதம் மாறியவள்போல் ஆகிவிட்டேன். வீட்டுக்காரர், "நான் சொல்றது உனக்குப் புரியுதா?" என்று கேட்டால்கூட, "அதை அளக்க முடியாதுங்க" என்பேன். அவர் கேட்பதையே விட்டுவிட்டார்.

அஸைன்மென்ட் ஒன்று வந்தது. யாருக்குப் பயிற்சி கொடுக்கப்போகிறோமோ அந்த மனிதரைக் கற்பனையாக ஒரு பக்கத்தில் வரைய வேண்டும். பெர்சோனா என்று பெயர்.

கற்பனைக்கு நான் எங்கே போவேன்? எதிர் நாற்காலியைப் பார்த்தேன்.

'திரு. என். வயது ஐம்பத்தாறு. ஸ்மார்ட் போர்டைக் கண்டால் பயம். தொழில்நுட்பம்: ஒரு கறுப்புக் குடை. புரிந்ததா என்று ஓயாமல் கேட்பார், பதில் அவருக்குத் தேவையில்லை.' எழுதும்போது நானே சிரித்தேன். நல்ல மார்க்.

என்னிடம் வாங்கிப் பார்த்த பிரின்ஸிபால் அதை 'எல்லோரும் படிக்கவும்' என்று ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. அதில் ஒன்று என்னுடையது.

நிர்மல்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனை மூக்கருகே வைத்துப் படித்தார். முழுக்கப் படித்தார். பிறகு தினமும் போலத் தன் முறிப் பொரியில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

"நல்லா எழுதியிருக்கே சுமதி. குடை மட்டும் தப்பு. அது நீலம்."

நான் சிரித்தேன். ஸாரி சொல்ல வாயெடுத்தேன் என்று இங்கே எழுதலாம்தான்... எடுக்கவில்லை. பெல் அடித்தது, போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து, அப்போது எங்கள் பள்ளியிலேயே ஒன்பதாவது படித்த மகள் சொன்னாள். "சார் இப்பல்லாம் 'புஜ்லே தோ' கேக்கறதே இல்லம்மா. க்விஸ் ஷீட்தான் குடுக்கறார். மூணு காரணம் பட்டியலிடு, அது இதுன்னு."

"நல்லதுதானேடி" என்றேன்.

"நாங்களா 'புஜேச்சி சார்'னு கத்திப் பாத்தோம். அவர் சிரிக்கவே இல்ல."

போன வருஷம் ரிட்டயர் ஆனார். வழியனுப்பு விழாவில் நான்தான் பேசினேன், காமெடிக்கு என்னை விட்டால் ஆளில்லையே. ஸாரியைக் கடைசி வரியாக எழுதி வைத்திருந்தேன். நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்... இது மூடைக் கெடுக்கும் என்று மேடையிலேயே தாண்டிவிட்டேன்.

பூஜை முடிந்ததும் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்து இனிப்பு சாப்பிட்டுவிட்டு வருவார்கள் இங்கே. பிஜோயா. நான் யாரோ அனுப்பிய வாழ்த்துப் படத்தை அவருக்கு ஃபார்வர்ட் செய்தேன். 'வீட்டுக்கு வா. தேங்காய் உருண்டை இருக்கிறது' என்று பதில் வந்தது. காளி பூஜை முடியட்டும் என்றேன், பரீட்சை முடியட்டும் என்றேன். பாலிகஞ்சிலிருந்து அவர் வீடு இருக்கும் டாக்குரியா ஒரே ஒரு ஸ்டேஷன். உட்கார இடம் தேடுவதற்குள் வந்துவிடும்.

புது டீச்சர்களுக்கு இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் வகுப்பு எடுப்பது இப்போது நான்தான். 'திரு. என்.' இன்னும் என் சாம்பிள் ஃபைலில் இருக்கிறார். இன்று திறந்தேன். கறுப்பை நீலமாக மாற்றினேன். பதில் தேவையில்லை என்ற கடைசி வரியை எடுத்தேன். அப்புறம் ஃபைலையே அழித்தேன்.

நாளைக் காலை டாக்குரியா போகிறேன். ஒரு ஸ்டேஷன்.

போய் வாருங்கள் நிர்மல்தா.

புஜேச்சி.