கருவிக் கோளாறு அல்ல

எண்பதுகளில் தாராவியிலிருந்து பஸ் ஏறி விண்வெளி ஆராய்ச்சிக்குப் போய்வந்தவள் நான் ஒருத்திதான். தற்பெருமை என்றால் அப்படியே இருக்கட்டும். வாப்பாவுக்குத் தோல் பட்டறை, எனக்கு கேலக்ஸி.

நான் பின்தொடர்ந்த கேலக்ஸியின் நடுவிலிருந்து ஜெட் என்கிற துகள் தாரை ஒன்று ஏறக்குறைய நம்மை நோக்கியே பீய்ச்சியடிக்கிறது. காமா கதிரில் அதை விடாமல் கவனிக்கும் விண்கலங்கள் அப்போது இல்லை. தெற்கே ஒரு மலையிலிருந்த தொலைநோக்கியில், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் அளந்தேன். ஒரே வாரத்தில் ஒளி இருமடங்காகி இறங்கியது. கேலக்ஸியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளி போகவே பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். வாரத்துக்குள் மாறுகிறது என்றால், அந்த ஒளி வரும் இடம் மிகச் சின்னது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கருத்தரங்கில் என் வரைபடத்தைப் பார்த்து எங்கள் பேராசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: கருவிக் கோளாறு. அதுவே நிலைத்துவிட்டால் என் ஆய்வும் பட்டமும் அதோடு போச்சு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று வாய் காட்டாமல் இன்னொரு வரைபடத்தை எடுத்துப் பலகையில் ஒட்டினேன். வடக்கே வேறொரு மலையில், அதே இரவுகளில் அதே கேலக்ஸியை அளந்தவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கியது. அதே ஏற்றம், அதே இறக்கம். இரண்டு ஊர்க் கருவிக்கும் ஒரே நேரத்தில் ஒரே கோளாறு வருமா?

அவர் கிட்டே போய் நெடுநேரம் பார்த்தார். பிறகு எல்லோர் முன்னிலையிலும், மாறுவது கேலக்ஸிதான் என்று ஒப்புக்கொண்டார்.

வெளியே வந்ததும் தமிழில் கேட்டார். அவரும் பம்பாய்த் தமிழர்தான், மாட்டுங்காக்காரர். "இதை வாங்கி வைக்கணும்னு நோக்கு எப்படித் தோணித்து?"

"எங்க தெருவுல பெருநாள் வர்றதே அப்படித்தான் சார். பிறை கண்டேன்னு ஒருத்தர் சொன்னா, கூட யாரு கண்டான்னு கேப்பாங்க. மழை மூட்டம்னா வெளியூர்லேருந்து சாட்சி வரணும்."

அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்குப் போகாமல் நேரே பட்டறைக்குப் போனேன். வாப்பா தையல் மெஷினை நிறுத்தினார். "என்னம்மா சொன்னாவ?"

"நான் சொன்னது சரின்னு சொல்லிட்டாங்க வாப்பா."

ஜெட்டும் தெரியாது, கேலக்ஸியும் தெரியாது அவருக்கு. வேலையாட்களிடம் ஹிந்தியில் ஒருமுறை சொன்னார். போதவில்லை போலிருக்கிறது, வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துத் தமிழிலும் கத்தினார்: "ஏலே, எம்மவ கண்டுட்டா! நெசமாவே கண்டுட்டா!"