பார்த்து வாசித்ததற்கு இருபதுக்கு இரண்டு

“நிறுத்தும்மா, நிறுத்து! என்ன வாசிக்கிறே?”

ஜன்னலோர நாற்காலியிலிருந்து, கையில் காப்பி டம்ளரோடு பரீட்சகர் கத்தினார். பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தவள் பழனியம்மாள், பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்கால்காரர் மகள்.

“புஸ்தகத்துல இருக்கறதத்தானுங்க வாசிச்சேன்.”

“எதிர்த்துப் பேசாதே. உனக்கு முன்னால எட்டுப் பேரும் ஒரே மாதிரி வாசிச்சாங்க. நீ மட்டும் என்னத்தையோ தட்டறே.”

இருபதுக்கு இரண்டு போட்டார். அந்த இரண்டும் முதுகு நேராக உட்கார்ந்ததற்காம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சேலத்தில் ஒரு பெண்கள் போதனாப் பள்ளியில் நான் பியானோ உபாத்தியாயினி. முதல் வருஷ வகுப்பில் பன்னிரண்டு பேர், பியானோ ஒன்று. சிறுபிள்ளை வகுப்பு நடத்தச் சான்றிதழ் வேண்டுமானால் பியானோவில் எல்லாப் பகுதியிலும் தேற வேண்டும். ‘சைட் ரீடிங்’ ஒரு பகுதி. முன்பின் பார்த்திராத பாட்டை நொட்டேஷன் என்கிற இசைக்குறிகளைப் பார்த்து வாசிப்பது. விதி அப்படி. வழக்கமோ, வருஷா வருஷம் ஒரே பாட்டு. விடுதிச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவர்களுக்குக்கூட அது மனப்பாடம்.

விதியைப் படித்த குற்றத்துக்காக நான் அன்று காலை வேறு பக்கத்தை எடுத்து வைத்தேன். பரீட்சகரிடமும் சொன்னேன். “சரி, சரி” என்றார்.

பழனியம்மாளைத் தவிர எல்லாரும் புதுப் பக்கத்தைப் பக்தியோடு பார்த்துக்கொண்டே பழைய பாட்டை வாசித்தார்கள். ஒருத்தி பாதியில் பக்கத்தைப் புரட்டினாள். புதுப் பாட்டு ஒரே பக்கம்தான். அவளுக்கு இருபதுக்குப் பதினெட்டு மார்க்கு.

பழனியம்மாளின் அப்பா ஒரு வருஷம்தான் தவணை கொடுத்திருந்தார். “தவறுனா ஊட்டுக்கு வந்துரு சாமி, மாப்பிள்ள பாத்துருக்குது” என்று என் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போனவர்.

பரீட்சை முடிந்ததும் புத்தகத்தைப் பரீட்சகர் முன் நீட்டினேன். “சோதனைக்கு வச்ச பக்கத்துல நீங்க கையெழுத்துப் போடணும். ஏழாம் விதி.”

அப்போதுதான் அந்தப் பக்கத்தை முதல்முதலாகப் பார்த்தார். பழனியம்மாளை மறுபடி வாசிக்கச் சொன்னேன். அவர் விரல் வரிவரியாகக் கூடவே போயிற்று.

“சரியாத்தான் இருக்கு” என்றார், பல் வலிப்பவர்போல. “அதுக்காகப் பதினோரு பேரை ஃபெயில் போட்டா மெட்ராஸ்ல என்னை உரிச்சிடுவாங்க. ஒருத்தின்னா யாரும் கேக்க மாட்டாங்க.”

“நான் கேப்பேன். இந்தப் பக்கமும் மார்க் லிஸ்டோட மெட்ராஸுக்குப் போகும். கையெழுத்துப் போடுங்க.”

இரண்டை அடித்தார், எட்டு என்று எழுதினார். தேறுவதற்கான எல்லை அது. பக்கத்தில் ‘கருணை மார்க்கு’ என்று ஒரு குறிப்பு. இருபது போடச் சொல்லிக் கால் மணி நேரம் சண்டை போட்டேன். மை காய்ந்துவிட்டதாம்.

பழனியம்மாள் கேட்டாள்: “ஏனுங்க டீச்சர், கருணை காட்டற அளவுக்கு நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?”

மறுநாள் மற்ற பதினோரு பேரையும் அழைத்து, வகுப்பில் வாசித்துப் பழகிய ஒரு பக்கத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்கச் சொன்னேன். ஒருத்திக்கும் வரவில்லை. வருஷம் முழுக்க அவர்களுடைய விரலை மட்டும் பார்த்து, ரிஜிஸ்டரில் ‘நன்று’ என்று எழுதியது யார் கை? பரீட்சகர் கையல்ல.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு மாணவியையும் முதல் வரியிலிருந்து நான் சோதித்ததில்லை.