முதல் படத்தை மட்டும் வைத்துக்கொள்

என் மனைவிக்குப் புகைப்படத்தில் கண் திறந்து நிற்காது. "ரெடி" என்று சொன்ன நொடியில் இமை இறங்கிவிடும். எங்கள் கல்யாண ஆல்பத்தில், நான் தாலி கட்டும் படத்தில்கூட, கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். அதனால் டிஜிட்டல் கேமரா வாங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எதை எடுத்தாலும் மூன்று தடவை எடுக்க வேண்டும். முதலாவதில் கண் மூடியிருக்கும். இரண்டாவதற்கு முன் நான் "கண்ணைத் திற" என்று ஒரு சத்தம் போடுவேன், பாதி திறக்கும். இன்னொரு சத்தத்துக்குப் பிறகு மூன்றாவது சரியாக வரும். பூரி கடற்கரை, டார்ஜிலிங், துர்கா பூஜை அஷ்டமி அன்று எங்கள் தெருப் பந்தல், ஹவுராவில் ரயில் ஏறும் முன் பெட்டி படுக்கையோடு நிற்பது, எல்லாமே இப்படி மும்மூன்றாக இருபது வருஷம் சேர்ந்தன.

போன வருஷம் எனக்கு அறுபது முடிகிறது என்று பெங்களூரில் இருக்கும் மகள் ஆரம்பித்தாள். அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு ஆல்பம் அச்சடித்து மண்டபத்தில் வைக்கப் போகிறாளாம். அம்மா இருக்கிற நல்ல படங்களாக அனுப்பச் சொன்னாள். நான் சும்மா தலையாட்டினேன். மனைவிதான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"முதல் கல்யாண ஆல்பத்துலதான் தூங்கிண்டு இருக்கேன். இதுலயாவது கண்ணு தெரியறாப்ல பார்த்து எடுத்துக் குடுங்கோ. வேற ஒண்ணும் கேக்கலை."

அவள் எதையும் கேட்பவள் இல்லை. அதனால் இதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் எல்லாம் கெட்டது.

என் லேப்டாப்பில் எதையும் தேட முடியாது. இடம் இல்லை என்று தினமும் புலம்பும். காரணம் நான்தான். படங்கள் தொலைந்துவிடுமோ என்ற பயத்தில், ஒவ்வொரு முறையும் மொத்தத்தையும் இன்னொரு ஃபோல்டரில் நகல் எடுத்து வைப்பேன். "பேக்கப்", "புது பேக்கப்", "கடைசி பேக்கப்", அதற்குப் பிறகு "உண்மையான கடைசி". பென் டிரைவ்களில் இருந்ததையும் ஒரு நாள் ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று இதிலேயே கொட்டி, பென் டிரைவ்களைக் காலி செய்து வைத்திருந்தேன். ஒரே தேங்காய் உடைக்கிற படம் ஒன்பது இடத்தில் இருந்தது.

நான்கு நாள் கையால் அழித்தேன். டாக்குரியாவில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம், மூடினால் புழுக்கம். இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதுவும் அதுவும் ஒன்றா என்று பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. நான்கு நாளில் நானூறு படம்கூட நகரவில்லை. ஆபீஸ் வாழ்க்கை முழுக்க ஃபைல் ஃபைலாகத் தள்ளிய எனக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. ஐந்தாம் நாள் இரட்டைப் படங்களைக் கண்டுபிடிக்கும் ஒரு மென்பொருளை இறக்கினேன்.

முதலில் நன்றாகத்தான் நடந்துகொண்டது. ஒன்றுபோல் இருப்பவற்றைக் கூட்டம் கூட்டமாகக் காட்டியது. முப்பது கூட்டம் திறந்து பார்த்தேன், எல்லாம் அச்சு அசலான நகல்கள். அப்போதே நிறுத்தியிருக்கலாம். அதற்குள், "ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதையும் தேடு" என்று ஒரு கோடு கண்ணில் பட்டது. அதைப் பிடித்து வலது பக்கம் கடைசி வரை இழுத்தேன். எதை வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்டது. முதலில் எடுத்ததை என்றேன். அசல்தானே முதலில் வந்திருக்கும், நகல் பின்னால்தானே வரும் என்று அப்படி ஒரு தெளிவு எனக்கு. பதினோராயிரம் படங்கள் போயின. அப்படியும் இடம் காலியாகவில்லை என்று எரிச்சலில் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பிறகு காபி கேட்டேன்.

மறுநாள் மகளுக்கு அனுப்ப டார்ஜிலிங்கைத் திறந்தேன். சூரியோதயம், பின்னால் மலை, முன்னால் மனைவி. கண் மூடியிருந்தது. அடுத்தது எங்கே என்று பார்த்தேன், அடுத்தது வேறு ஊர். பூரி, மூடியிருந்தது. மகளின் பட்டமளிப்பு, மூடியிருந்தது. மென்பொருள் மும்மூன்றையும் ஒரே படமாக எண்ணி முதலாவதை மட்டும் விட்டிருந்தது. "உண்மையான கடைசி"யைத் திறந்தேன், ஃபோல்டர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. நகல் என்று அதையும் துடைத்து வைத்திருந்தது.

மனைவியிடம் சொல்லாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பாலிகஞ்சில் ஒரு ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் ஒரு மணி நேரம் உட்காரவைத்தார். பிறகு, "கிச்சு நேய், தாதா" என்று கையை விரித்தார். ஒன்றுமில்லை என்பதை வங்காளிகள் இவ்வளவு மென்மையாகச் சொல்வது அன்றைக்குப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த மாதிரி டிஸ்கில் அழித்தால் அழித்ததுதானாம். சொந்தக்காரர்களிடம் கெஞ்சியதில் ஏழெட்டுப் படம் திரும்ப வந்தது. வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றி வந்ததில் முகம் புள்ளி புள்ளியாக இருந்தது. அச்சுக்கு ஆகாது என்று ஆல்பம் போடுகிறவர் சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மென்பொருள் எழுதியவனைத் திட்டினேன். கண் சிமிட்டுகிற மனைவியைக்கூட மனசுக்குள் திட்டினேன், அது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தே. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்துச் சொல்லிவிட்டேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"இருபது வருஷமா கண்ணைத் திற, கண்ணைத் திறன்னு கத்தினேள்," என்றாள். "திறந்ததையெல்லாம் அழிச்சுட்டேளே."

நான் அந்தக் கோட்டைப் பற்றியும், முதலில் எடுத்தது அசலாக இருக்கும் என்று நினைத்ததைப் பற்றியும் விளக்க ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. கண்ணில் நீர் முட்டியிருந்தது. ஒரு ஆல்பத்துக்கா அழுகிறாய் என்று வாய் வரை வந்ததை நல்லவேளையாக விழுங்கினேன்.

அந்த நேரம் பார்த்து மகள் வீடியோவில் கூப்பிட்டாள். மறைக்க இனி என்ன இருக்கிறது என்று லேப்டாப் திரையை அப்படியே அவளுக்குக் காட்டினேன்.

"தூர், அப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அலுப்பு வந்தால் அவளுக்கு வங்காளம்தான் வரும். பிறகு, "இருங்கோ, அந்தப் பூரி படத்தைக் காட்டுங்கோ. அதுக்கு அடுத்தது," என்றாள். இன்னும் நாலைந்து காட்டினேன். மகள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"இதுலயெல்லாம் அம்மா சிரிக்கறாளே. எனக்கு ஞாபகம் இருக்கற ஒரு போட்டோலகூட அம்மா சிரிச்சதில்லையேப்பா. முழிச்சுண்டு, விறைப்பா நிப்பாளே."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மறுபடி பீன்ஸை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"மூணாவதுக்குள்ள ரெண்டு தடவை திட்டு வாங்கியாச்சு. நாலு பேர் நின்னு பார்த்துண்டு வேற இருப்பா. அப்புறம் எங்கேருந்து சிரிக்கறது?"

கோபமாகச் சொல்லவில்லை. விலைவாசி சொல்வதுபோலச் சொன்னாள். அதுவரை கடைக்காரன், மென்பொருள், டிஸ்க் என்று திட்ட எனக்கு யாராவது கிடைத்துக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. பந்தலில், பிளாட்பாரத்தில், கடலோரத்தில் ஜனங்களுக்கு நடுவில் நான் போட்ட சத்தம் ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது. வெட்கமாக இருந்தது.

"புதுசா எடுத்துப்போமா? கத்தமாட்டேன்," என்றேன்.

"வேண்டாம்."

சாயங்காலம் அவளே உட்கார்ந்து இருபது படம் பொறுக்கினாள். இருபதிலும் கண் மூடியிருந்தது. அனுப்பும்போது மகளுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"அப்பா திட்டறதுக்கு முன்னாடி எடுத்ததுன்னு எழுதுங்கோ," என்றாள். எழுதி அனுப்பினேன்.